குவாரும்போ பொடி

மெக்சிகோ நகரம்
4 மார்ச் 1996

அன்புள்ள கிரெசென்சியோ அண்ணனுக்கு,

நலம். அங்கே அண்ணியும் நீயும் எப்படி?

நீ சந்தையில் விற்கிற குவாரும்போ இலைப்பொடியைச் சர்க்கரை நோயுள்ள எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தோம். சர்க்கரை மளமளவென்று இறங்கியது. இரண்டு எலிகள் அதிலேயே செத்துப்போயின. எங்கள் ஆய்வகத்தில் எந்த மூலிகையும் இப்படி வேலை செய்ததில்லை. பேராசிரியர் முழு இலையாகக் கேட்கிறார். ஒரு சாக்கு அனுப்பு. கூடவே நாலு வரி எழுதினால் கை தேய்ந்துவிடாது.

உன் தங்கை
எலோதியா

வெஹூத்லா
19 மார்ச்

எலோதியாவுக்கு,

சாக்கைப் பேருந்தில் ஏற்றிவிட்டேன். மழையில்லாததால் இலையில் இந்த வருடம் சத்து இல்லை. பொடியே போதாதா? பெத்ரா நன்றாக இருக்கிறாள். "எம் புருசன் கைப்பொடியாலதான் நடமாடுறேன்"னு சந்தை முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிகிறாள். என் பெயரை எங்கும் போட்டுவிடாதே.

அண்ணன்

மெக்சிகோ நகரம்
28 ஏப்ரல்

அன்புள்ள அண்ணா,

இலை சர்க்கரையைக் குறைக்கிறது, மெதுவாக, கொஞ்சமாக. பொடியில் இருந்தது இலை மட்டுமில்லை. மூன்று முறை சோதித்தேன். சர்க்கரை நோய் மாத்திரையை அரைத்துக் கலந்திருக்கிறாய். பேராசிரியர் கேட்டபோது எப்படி வந்ததென்று தெரியாது என்றேன். அவரிடம் நான் சொன்ன முதல் பொய்.

உன்னிடம் வாங்குகிறவர்களில் டாக்டர் கொடுத்த மாத்திரையையும் விழுங்குகிறவர்கள் இருப்பார்கள். எலிகளுக்கு நடந்தது அவர்களுக்கும் நடக்கும். இன்றே நிறுத்து. எல்லாரிடமும் சொல். நீ சொல்லாவிட்டால் நான் வந்து சொல்வேன்.

எலோதியா

வெஹூத்லா
12 மே

எலோதியா,

பெத்ராவுக்காகத்தான் ஆரம்பித்தேன். அவள் அக்கா இதே நோயில் ஆஸ்பத்திரியில் காலை எடுத்தும் செத்ததிலிருந்து மாத்திரை என்றாலே துப்பிவிடுவாள். இலை என்றால் குடித்தாள். அதனால் கலந்தேன். அவள் தேறினாள், ஊரே பொடி கேட்டது. வெறும் இலையைக் கொடுத்தால் சர்க்கரை அப்படி இறங்காது, உடனே கண்டுபிடித்துவிடுவார்கள் என்று பயந்தேன்.

உன் கடிதம் வந்த வாரம் ரொட்டிக்கடை ஃபிடென்சியோ அடுப்படியிலேயே மயங்கி விழுந்தான். பிழைத்துக்கொண்டான். ஞாயிற்றுக்கிழமை சந்தையில் ஒவ்வொருவரிடமும் போய்ச் சொன்னேன். சிலர் திட்டினார்கள். ஒருத்தி மட்டும் பழைய பொடியே வேண்டுமென்று நின்றாள்.

பெத்ராவிடம் கடைசியாகத்தான் சொன்னேன். "ஒன்பது வருசமா நான் வேணாம்னு சொன்னத என் வாயிலயே ஊத்தியிருக்க"ன்னு சொன்னாள். நீ உயிரோடு இருக்கத்தானே என்றேன். "எங்கிட்டக் கேட்டியா?"ன்னாள்.

இப்போது அவளே டாக்டரிடம் போகிறாள். மாத்திரையை என் எதிரில்தான் விழுங்குகிறாள். ஆனால் என் கையால் எதையும் வாங்குவதில்லை. இன்று காலை காப்பி போட்டுக் கொடுத்தேன். என் முகத்தைப் பார்த்துக்கொண்டே முற்றத்தில் ஊற்றிவிட்டு, தனக்கு வேறு போட்டுக்கொண்டாள்.

உன் பேராசிரியரிடம் என் பெயரைச் சொல்லிவிடு.

கிரெசென்சியோ