ஒரே கையெழுத்தில் இரண்டு மனு

இன்று காலை மை வில்லையை வெந்நீரில் போட்டு வேப்பங்குச்சியால் கலக்கினேன். அந்தத் துவர்ப்பு வாடை மூக்கில் ஏறியதும் நீ எதிரே வந்து உட்கார்ந்துவிட்டாய். அன்னவாசலில் உன்னை எரித்து நாலு வருஷமாகிறது. ஆனாலும் உன்னிடம் சொல்ல ஒரு சேதி இருக்கிறது. சொல்லாமல் எனக்குச் சோறு இறங்காது.

தாலுகா கச்சேரி வாசலில் நமக்கு ஆளுக்கொரு கைப்பெட்டி. அதன்மேல் தாளை வைத்து, எழுதத் தெரியாதவர்களுக்கு மனு எழுதிக் கொடுப்பதுதான் பிழைப்பு. வந்தவர் யாரையும் திருப்பக் கூடாது. தாளின் அடியில் 'எழுதியது இன்னார்' என்று போடலாம், ஆனால் மனுதாரர் வரிசையில் நம் பெயர் ஏறவே கூடாது. இது நமக்கு முன்னால் அங்கே உட்கார்ந்தவர்கள் வைத்துவிட்டுப் போன வழக்கம். காலையில் அண்ணனுக்கும், மத்தியானம் அவன்மேல் பிராது கொடுக்க வந்த தம்பிக்கும் எழுதியிருக்கிறோம்.

நீ சண்டைக்கு அலைகிறவன் இல்லை. அரிமளம் பக்கத்து ஊரொன்றில், தேர்வடத்தை முதலில் யார் தொடுவது என்று இரண்டு பங்காளிக் கூட்டம் மோதிக்கொண்டது. ஊரே இரண்டுபட்டு நின்றது. இரண்டு கூட்டமும் உன்னைத் தங்கள் பக்கம் இழுத்தன. நீ வெற்றிலையை மடித்துக்கொண்டே, "தோத்தவன் வீட்லயும் நாளைக்கு அடுப்பெரியும் மாப்ள, இதுல நமக்கென்ன சோலி?" என்றாய். இரண்டு மனுவையும் நீயே எழுதினாய். ஒன்றுக்கொன்று குறை வைக்காமல் எழுதினாய்.

அதே ஊரில்தான் பிறகு ஊருணித் தகராறு வந்தது. குடிதண்ணீருக்கு அந்த ஒரு ஊருணிதான். சேரிக்காரர்கள் அதில் இறங்கக் கூடாது. கரையில் குடத்தை வைத்துவிட்டு, யாராவது மனமிரங்கி ஊற்றும்வரை நிற்க வேண்டும். அந்தக் கோடையில் ஊற்றுவதையும் நிறுத்திவிட்டார்கள். கருப்பாயி என்ற பெண் நாலைந்து பேரோடு நடந்து வந்து, தாங்களும் இறங்க உத்தரவு கேட்டு எழுதச் சொன்னாள். நான் எழுதினேன். மறுநாள் அந்த ஊர்ப் பெரியதனக்காரர் வந்து, அவர்களை இறங்க விடக் கூடாதென்று எழுதச் சொன்னார். அதையும் நான்தான் எழுதினேன். வழக்கம் வழக்கம்தானே.

தாசில்தார் இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். ஒரே மை, ஒரே கை. இரண்டும் 'அனாதி காலம் தொட்டு' என்று ஆரம்பித்து, 'ஏழைகளின் கண்ணீர் துடைத்து' என்று முடிந்தன. பெரியதனக்காரர் எப்போது ஏழையானார் என்று அவர் கேட்க, கச்சேரியே சிரித்தது. எழுதுகிறவன் கட்டிய கதை என்று இரண்டையும் தள்ளிவிட்டார். தலை தப்பியது என்று நான் மூச்சு விட்டேன்.

நீதான் கேட்டாய். "ரெண்டையும் தள்ளிட்டாக, சரி. இப்ப ஊருணி யாருகிட்ட இருக்கு?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நடுவில் நிற்பதாக நினைத்துக்கொண்டு பெரியதனக்காரரின் படித்துறையில் நின்றிருக்கிறேன்.

அன்றைக்கே நீ புது மனு எழுதினாய். அதில் அனாதி காலமும் இல்லை, கண்ணீரும் இல்லை. யார் யார், எத்தனை நாழிகை வெயிலில் நின்று, வெறுங்குடத்தோடு திரும்பினார்கள் என்பது மட்டும் இருந்தது. மனுதாரர் வரிசையில் முதல் பெயராக உன் பெயரைப் போட்டாய். கீழே ஒரு விரற்கடை இடம் விட்டுப் பேனாவை என்னிடம் நீட்டினாய். எனக்கு மூன்று பிள்ளைகள் என்றேன். நீ மைத்தட்டைக் கருப்பாயி பக்கம் நகர்த்தினாய். அந்த இடத்தில் அவள் கைநாட்டு விழுந்தது.

எழுதினவன் பெயர் அடியில்தானே வர வேண்டும் என்று தாசில்தார் அதட்டினார். "எழுதுனவனா வரலைங்க, மனுதாரனா வந்திருக்கேன்" என்று நிமிர்ந்து நின்றாய்.

விசாரணை நடந்தது, உத்தரவும் வந்தது. வடக்குப் படித்துறையில் கருப்பாயி இறங்கினாள். ஆனால் உன் கைப்பெட்டி முன்னால் ஒருவரும் உட்காரவில்லை. உன்னிடம் போகக் கூடாதென்று பெரியதனக்காரர் ஆட்கள் சுற்றுவட்டாரம் முழுக்கச் சொல்லி வைத்துவிட்டார்கள். உன்னிடம் வந்துகொண்டிருந்தவர்கள் என்னிடம் வந்தார்கள், நானும் வாங்கி எழுதினேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது. நீ அன்னவாசல் சந்தையில் மாடு விற்ற சீட்டு எழுதப் போனாய். காய்ச்சலில் கிடந்த உன்னை அங்கே பார்க்க வந்தபோது, எழுதிக் கொடுத்ததைத் திருத்தச் சொல்லி மாட்டுக்காரர்கள் வருவதே இல்லை என்று சொல்லி நீதான் என்னைச் சிரிக்க வைத்தாய்.

இனி சேதிக்கு வருகிறேன். அந்த ஊரில் இப்போது பள்ளிக்கூடம் வந்திருக்கிறது. சேரிப் பிள்ளைகளை வெளியே கொட்டகையில் உட்கார வைக்கச் சொல்லி மனு எழுத, அதே பெரியதனக்காரர் நேற்று வந்தார். யுத்தத்தால் தாள் கிடைக்காத காலமாயிற்றே, கையோடு ஒரு கட்டுத் தாளும் கொண்டுவந்திருந்தார். எழுத முடியாது என்றேன். எனக்குக் காது கேட்கவில்லை என்று நினைத்தாரோ என்னவோ, மறுபடி முதலிலிருந்து சொன்னார். நானும் மறுபடி சொன்னேன்.

"வழக்கத்த மீறுறீக. அப்பறம் இங்கிட்டு உக்கார முடியாது, பாத்துக்கங்க" என்றார்.

இன்று காலை கருப்பாயி தன் மகளோடு வந்தாள். அவர்களுக்காகத்தான் இந்த மையைக் கரைத்தேன். பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு உள்ளேயே உட்கார வைக்கக் கேட்டு மனுவை எழுதி முடித்து, மனுதாரர் வரிசையில் முதலில் என் பெயரைப் போட்டேன். எழுத்து கோணவில்லை. கீழே கருப்பாயி கைநாட்டு வைத்தாள்.

நாளைக்குத் தாசில்தார் கூப்பிட்டுக் கேட்பார். என்ன சொல்ல வேண்டும் என்று நீ எப்போதோ சொல்லிக் கொடுத்துவிட்டாய். கச்சேரி வாசலில் இடம் போனால் போகட்டும். அன்னவாசல் சந்தையில் நீ உட்கார்ந்த இடம் எனக்குத் தெரியும்.