பிரேக் கொக்கி

செவ்வாய், இரவு.

அப்பாவின் பழைய டீசல் டிராக்டரில் பின்சக்கரத்துக்கு ஒன்றாக இரண்டு பிரேக் மிதிகள். வயலில் ஒன்றை மட்டும் மிதித்தால் வண்டி நின்ற இடத்திலேயே திரும்பும். ரோட்டில் ஏறும்முன் இரண்டையும் கொக்கியால் இணைத்துவிட வேண்டும். இன்று அவர் இணைக்கவில்லை. கடம்பத்தூர் ரோட்டில் பிரேக் ஒரு சக்கரத்தை மட்டும் பிடித்தது. பள்ளிப் பிள்ளைகளை உரசாத குறையாக வண்டி வாய்க்காலில் இறங்கியது.

"இன்னா நைனா, காலையிலேயே ஊத்திக்கினியா?" என்று டீக்கடையில் சிரித்தார்கள். அப்பா குடிக்கவே மாட்டார்.

"கொக்கிய மாட்டிக்கினுதாம்மா வந்தேன்" என்றார் என்னிடம். பொய்யில்லை. மாட்டியதாகவே நம்புகிறார். போன வாரம் என் பெயரையும் தேடினார்.

வண்டி ஓட்டுவதை விட்டுவிடச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நாளை நானும் மட்கார்டில் உட்கார்ந்து வருகிறேன் என்றேன்.

"கம்பெனிக்குப் போவலியா?"

"லீவுப்பா."

நாளை மறுநாள் என்ன சொல்வது?