சாய்தளத்தில் நின்ற சைக்கிள்

ஞாயிறு இரவு, நியூ டவுன், வங்காளம்

மலை சைக்கிள் உறுதியாகிவிட்டது. எனக்காக எடுத்து வைத்திருப்பதாகக் கடைக்காரர் தபன்தா மாலையில் போனில் சொன்னார். இனி மகள் காவ்யாவோடு நானும் குர்சியாங் மலைப்பாதையில் இறங்கலாம்.

காலையில் கடைக்குப் போனபோது என் மனம் வேறொரு சைக்கிளில் இருந்தது. சிவப்பு நிறம், தடித்த முன் சஸ்பென்ஷன், நிறைய கியர். பக்கத்தில் இருந்த சாம்பல் நிறத்துக்கும் அதே விலைதான். அதில் ஹைட்ராலிக் பிரேக்கைத் தவிர சொல்லிக்கொள்ள எதுவுமில்லை.

இந்த ஊரில் மேடு ஏது? தபன்தாவோடு இரண்டையும் கொண்டுவந்து எங்கள் குடியிருப்பின் கார் நிறுத்தச் சாய்தளத்தில் ஓட்டினேன். சிவப்பு நிற்காமல் போய்க் காவலாளியின் காலி நாற்காலியில் முட்டியது.

"பாபா ரே! வாட்ச்மேன் தாதா டீ குடிக்கப் போனாரோ, பொழச்சாரோ. அம்மா, முதல்ல நிக்கிற சைக்கிளா வாங்கு!" என்றாள் காவ்யா.

"பிரேக்கும் ஃபிரேமும் நல்லதா இருக்கட்டும் தீதி, மத்ததைப் பிறகு மாத்திக்கலாம்," என்று தபன்தாவும் தமது வங்காளத்தில் சொன்னார்.

சாம்பல் நிறம் ஒரு விரலுக்கே நின்றது. இரண்டாவது ஆதாரம் தேடுவது பத்திரிகைத் தொழில் தந்த பழக்கம், மறுபடி இறங்கினேன். நின்றது. மூன்றாம் முறை இறங்கியது வெறும் சந்தோஷத்துக்கு.

சாம்பலையே எடுத்து வைக்கச் சொன்னேன், சிவப்பு ஆசைக்கு அதில் ஒரு சிவப்பு பெல்லும் கேட்டேன். இன்னும் வராதது அந்த பெல் மட்டும். வியாழக்கிழமை வரும் என்கிறார் தபன்தா.