முகம் தெரிந்த சாவு

சாக்ரமெண்டோ,
4 அக்டோபர் 1966

அன்புள்ள தம்பி எம்மெட்டுக்கு,

மாதா அருளால் நலம். சனிக்கிழமை தொலைக்காட்சியில், நீ நடிக்கும் அந்தக் கௌபாய் தொடரில் உன்னைப் பார்த்தேன். உன் அத்தான் போனபிறகு இந்த வீட்டில் ஆண்குரல் கேட்பது அப்போதுதான். குதிரையேறும் அழகு இன்னும் குறையவில்லை. ஆனால் இந்தத் தடவையும் குப்புறத்தானே விழுந்து செத்தாய்? ஒரு காலத்தில் சினிமாக் கொட்டகைச் சுவரொட்டிகளில் ஊர் பார்த்த முகம். அதைப் புழுதியில் மறைத்துக்கொள்வானேன்? அடுத்த வீட்டு மேபல், "உங்க தம்பின்னு நீங்கதான் சொல்றீங்க, எனக்குத் தொப்பிதான் தெரிஞ்சுது" என்கிறாள். உன் முகத்தைக் காட்டச் சொல்லி இயக்குநருக்கே எழுதிவிட்டேன். கன்னியாஸ்திரீகளிடம் படித்தவள் எழுதும் கடிதம். உனக்குத் தலைகுனிவு வராது.

அக்கா ஹானோரா

பர்பாங்க்,
20 நவம்பர் 1966

அன்புள்ள அக்கா,

உன் கடிதத்தை இயக்குநர் படப்பிடிப்பில் உரக்கப் படித்தார். விளக்குக்காரர்கள்கூடக் கைதட்டினார்கள். "எம்மெட், உங்க அக்காவுக்காக இந்த வாட்டி வானத்தப் பாத்து சாகுங்க" என்றார். வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. கேமரா என் மூக்கருகே நின்றது. கதைப்படி என் கண்ணை மூடிவிட்டு, அங்கேயே குழி வெட்டிப் புதைத்தார்கள்.

இங்கே ஒரு வழக்கம், அக்கா. முகம் தெரியாமல் செத்தவன் தாடி ஒட்டிக்கொண்டு அடுத்த மாதமே வேறு பெயரில் வரலாம். முகம் தெரியச் செத்தவனை அந்தத் தொடரில் திரும்பக் கூப்பிடமாட்டார்கள். குப்புற விழுவது நானே கேட்டு வாங்கியது. என்னைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தது இந்த ஒரு தொடர்தான். உன்மேல் வருத்தமில்லை. நன்றாக வந்திருக்கிறது, பார்.

எம்மெட்

சாக்ரமெண்டோ,
17 ஜனவரி 1967

அன்புள்ள எம்மெட்,

பார்த்தேன். மேபல் என் சோபாவில் உட்கார்ந்து, "அடேயப்பா, என்ன முகம்!" என்று அழுதாள். நான் அழவில்லை.

கிறிஸ்துமஸுக்கு எழுதியதற்குப் பதில் இல்லை. தொலைபேசியில் உன் வீட்டுக்கார அம்மாள், "அவரு காலி பண்ணிட்டுப் போயிட்டாரும்மா. எங்கேன்னு சொல்லல" என்றாள். அதனால் இதை ஸ்டூடியோ முகவரிக்கு அனுப்புகிறேன். யாராவது உன்னிடம் சேர்க்கட்டும். என் மாடியறை காலியாகத்தான் இருக்கிறது. வேலையில்லாமல் வந்தான் என்று இங்கே யாரும் பேசமாட்டார்கள், பேச விடமாட்டேன்.

இயக்குநருக்கும் மறுபடி எழுதினேன். அவனுக்கு யாரும் நாடி பார்க்கவில்லை, அவசரப்பட்டுப் புதைத்துவிட்டீர்கள், உயிர் இருந்திருக்கலாம், தோண்டி எடுப்பதாகக் கதையை மாற்றுங்கள் என்று கெஞ்சினேன். கெஞ்சுகிறேன் என்ற வார்த்தையையே எழுதினேன், எம்மெட். அவர் பதில் போடவில்லை.

நீயாவது போடு.

அக்கா