படத்தில் இருக்கிற பொண்ணு

17 செப்டம்பர் 2025, புதன்

சென்னையிலிருந்து வர வேண்டிய மாடல் பெண் வரவில்லை. காய்ச்சலாம். தீபாவளிப் புதுச் சரக்கு வந்து இறங்கிவிட்டது, எங்கள் சேலைக் கடையின் இன்ஸ்டாகிராமைப் பார்த்துக்கொள்கிற நான் இன்றே படம் போட்டாக வேண்டும். முதலாளி தேவராஜன் அண்ணன் சுற்றும்முற்றும் பார்த்துவிட்டு ஈஸ்வரி அக்காவைக் கைகாட்டினார். கவரைப்பேட்டையிலிருந்து பதினோரு வருடமாக ரயிலில் வந்து இங்கே சேலை பிரித்துக் காட்டுகிறவர். கத்திரிப்பூ நிறப் பட்டு. அவர் கட்டி நின்றதும் நான் அசந்துபோனேன். அப்படி ஒரு பொருத்தம்.

"மூஞ்ச கொஞ்சம் வெளுத்துப் போட்ரும்மா," என்றார் அண்ணன், டீயை உறிஞ்சிக்கொண்டே.

படம் எடுத்து, போனிலேயே வெளுத்தேன். மூன்று நிமிட வேலை. அக்காவிடம் கேட்கவில்லை.

19 செப்டம்பர்

இரண்டாயிரம் லைக்! 'யார் இந்த அழகி?' என்று கமெண்ட். 'எங்கள் கடை ஊழியர்தான்' என்று பதில் போட்டேன். எனக்குப் பெருமைதான், மறைப்பானேன்.

22 செப்டம்பர்

ஈஸ்வரி அக்கா முகத்தில் பவுடரை அப்பிக்கொண்டு வந்திருக்கிறார். கழுத்தில் கோடு தெரிகிறது. காரணம் எனக்குத் தெரியும். கேட்கவில்லை.

25 செப்டம்பர், வியாழன்

சிப்காட் கம்பெனிப் பெண் ஒருத்தி ஷிப்ட் முடிந்து வந்தாள். போனில் அந்தப் படம். ஈஸ்வரி அக்காவிடமே நீட்டினாள்.

"இந்த சேலை கட்டிக்கினு இருக்காங்களே, இங்கதான் வேலை செய்றாங்களாம். கொஞ்சம் கூப்டுங்களேன். அவங்க மாதிரியே மடிப்பு வெச்சி காட்ட சொல்லணும்."

அக்கா படத்தைப் பார்த்தார். என் பக்கம் திரும்பவே இல்லை.

"அவங்க இன்னிக்கி லீவும்மா. நான் வெச்சி காட்றேன், வா."

அதே மடிப்பு. அதே கை. அந்தப் பெண்ணுக்குக் கடைசிவரை தெரியவில்லை. நான்? சார்ஜரைத் தேடுவதுபோல் மேசைக்குப் பின்னால் குனிந்துகொண்டேன். ஐயோ, இன்னா காரியம் பண்ணிட்டேன் நான் — அவ்ளோ பக்கத்துல இருந்தும் வாயத் திறக்கலியே!

26 செப்டம்பர், காலை

எழுதிவிடுகிறேன். நான் ஈஸ்வரி அக்காவைவிடக் கறுப்பு. என் வாட்ஸ்அப் படத்தைப் பார்த்தால் யாரும் சொல்ல மாட்டார்கள்.

இரண்டு வருடத்துக்கு முன் திருவள்ளூரிலிருந்து பெண் பார்க்க வந்தார்களே. என் தட்டிலிருந்து காபியை எடுத்துக்கொண்டே, என்னைத் தாண்டி உள்ளறையைப் பார்த்து, "பொண்ண வரச் சொல்லுங்க," என்றாரே மாப்பிள்ளையின் அம்மா. அவரை இன்னும் மனதுக்குள் திட்டிக்கொண்டிருக்கிறேன். ஆனால் அவர்களுக்கு என் படத்தை வெளுத்து அனுப்பியது யார்? நான்தான்.

அன்றைக்கு அம்மாவாவது "இவதாங்க பொண்ணு," என்று சொன்னாள். நேற்று அக்காவுக்கு அதைச் சொல்ல நான் ஒருத்தி இருந்தேன். சொல்லவில்லை.

30 செப்டம்பர்

இரண்டு சேலை திரும்பி வந்துவிட்டது. 'படத்தில் வெங்காயத்தோல் நிறம், கையில் கத்திரிப்பூ நிறம்' என்று சண்டை. முகத்தை வெளுத்ததில் சேலையும் வெளுத்திருக்கிறது. எனக்குத் தெரியவே இல்லை, நான் முகத்தை மட்டும்தானே பார்த்துக்கொண்டிருந்தேன். அண்ணன் கத்தித் தீர்த்துவிட்டு, அசல் படத்தையே போடச் சொன்னார்.

"இன்னாத்துக்கு மாத்தின?" என்றார் அக்கா.

"சேலை கலரு சரியா வரலக்கா."

பொய் இல்லை. அதனால்தான் இன்னும் கேவலமாக இருக்கிறது.

4 அக்டோபர்

சாப்பாட்டு வேளையில் சொல்லிவிட்டேன். "அன்னிக்கி மேசைக்குப் பின்னாலதான் இருந்தேன்க்கா. எழுந்து சொல்லியிருக்கணும். மொதல்ல, உன்ன கேக்காம வெளுத்திருக்கவே கூடாது."

அக்கா தயிர்சாதத்தைப் பிசைந்துகொண்டே இருந்தார். "தெரியும். உன் கொண்டை தெரிஞ்சிது."

ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, "எங்க ஊட்டுக்காரரு அந்தப் படத்த பாத்துட்டு இன்னா சொன்னாரு தெரியுமா? நல்லாருக்குது, யாரு இதுன்னாரு," என்று சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. 'பரவாயில்லை' என்று அவர் சொல்லவில்லை. நான் எதிர்பார்க்கவும் கூடாது.

13 அக்டோபர், திங்கள்

ஒரு வாரமாக அக்கா பவுடர் போடுவதில்லை. இன்று ஒரு அம்மாள் போனையும் அக்காவையும் மாறிமாறிப் பார்த்து, "நீதானம்மா இது?" என்றார். "நான்தாம்மா," என்று அக்கா சேலையைப் பிரித்தார். மூன்று சேலை எடுத்துக்கொண்டு போனார் அந்த அம்மாள்.

கல்யாணத் தரகர் தணிகைவேல் என் புதுப் படம் கேட்கிறாராம். அம்மா காலையிலிருந்து நச்சரிக்கிறாள். போனை அக்காவிடம் கொடுத்தேன்.

"கீழ பாக்காத. மூஞ்ச தூக்கு, கல்பனா," என்றார். தூக்கினேன். கஷ்டமாகத்தான் இருந்தது.

16 அக்டோபர்

அம்மா படத்தை ரொம்ப நேரம் பார்த்தாள். "இன்னாடி, இத வெளுக்கலியா?"

"இல்லம்மா."

தணிகைவேலுக்கு அப்படியே அனுப்பிவிட்டேன். பதில் இன்னும் வரவில்லை. வராமலும் போகலாம். பயமாகத்தான் இருக்கிறது. ஆனால் யாராவது வந்தால், பொண்ணு எங்கே என்று என்னிடமே கேட்க மாட்டார்கள்.