நுஹாதின் சட்டைக்கை

ஜனவரி 11

மின்சாரம் இல்லை. தெருவுக்கே மின்சாரம் விற்கும் ஜெனரேட்டர்காரன் பத்து மணிக்கு மேல்தான் போடுவான். மடிக்கணினியில் மிச்சமிருக்கும் உயிரைச் செலவழிக்க மனமில்லாமல் காகிதத்தில் எழுதுகிறேன்.

டாலாவிடம் சரி என்று சொல்லிவிட்டேன். ஏன் சொன்னேன்?

இருபது வருடத்துக்கு மேல் வெளிநாட்டுப் படங்களுக்குத் திரையின் அடியில் ஓடும் வசன வரியை அரபியில் எழுதியவள் நான். ‘காதலன்’ என்று வந்தால் ‘நண்பன்’ என்று போடுவேன். எவ்வளவு பச்சையான வசவு வந்தாலும் ‘நாசமாய்ப் போ’ என்பதோடு சரி. முத்தம் நீண்டால் எந்த இடத்தில் வெட்டலாம் என்று குறித்துக் கொடுப்பதும் என் வேலைதான். கம்பெனியை மூடிவிட்டார்கள். இப்போது அதே கையால், பெரியவர்களுக்கு மட்டும் என்று விற்கப்போகும் ஒரு கணினி விளையாட்டுக்குப் படுக்கையறைக் காட்சி எழுத வேண்டும்.

டாலா அந்தக் கம்பெனியில் என் பக்கத்து மேசையில் இருந்தவள். வயது முப்பத்தொன்று. இப்போது சொந்தமாக இந்த விளையாட்டைச் செய்கிறாள். "எங்க வெட்டணும்னு தெரிஞ்சவங்களுக்குத்தானே டான்ட், எங்க சூடு இருக்குன்னும் தெரியும்" என்றாள். தோழியின் அம்மாவைக் கூப்பிடுகிற அதே ‘டான்ட்’. அந்தச் சொல்லைப் போட்டுக்கொண்டே அவள் இதையெல்லாம் பேசும்போது எங்கே பார்ப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

கணவர் வதீஹிடம் சமையல் விளையாட்டு என்று சொல்லியிருக்கிறேன். "நல்லது" என்றார். தன் மருந்துக்கடைச் சாவியைத் தேடிக்கொண்டிருந்தார்.

ஜனவரி 14

பனியில் அடைபட்ட ஒரு மலை விடுதி. படமும் சொற்களுமாகக் கதை நகரும். ஆடுபவர் ஒவ்வொரு வரிக்கும் ஒருமுறை தட்டினால் அடுத்த வரி வரும். மூன்று அத்தியாயங்கள் முடிந்துவிட்டன. எல்லாவற்றிலும் இளசுகள். நான்காவது என்னுடையது: விடுதிக்காரி நுஹாத், ஐம்பத்தொரு வயது, வெந்நீர்க் கொதிகலனைப் பழுது பார்க்க வந்து மாட்டிக்கொண்ட யாகூப்.

படம் வரைபவன் ஹ்ராக். ஆர்மீனியர்கள் வாழும் பூர்ஜ் ஹம்மூத்திலிருந்து ஸ்கூட்டரில் வருகிறான். நாளெல்லாம் நிர்வாணம் வரைகிறவனுக்கு, என்னிடம் கை கொடுக்கும்போது காது சிவந்தது.

"மதாம், ஐம்பது வயசுக் கழுத்த எப்படி வரையறதுன்னு எனக்கு யாருமே சொல்லித் தரல. எல்லாரும் இருபத்தஞ்சுதான் கேக்கறாங்க."

"என் கழுத்தப் பாத்து வரையாதே" என்றேன். இன்னும் சிவந்தான்.

டாலா ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட்டாள். சோதனைக்கு ஆடிப் பார்க்கிறவர்கள் தாண்டும் பொத்தானை அழுத்திக்கொண்டே போனால், நுஹாத் அத்தியாயத்தையே எடுத்துவிடுவாள். "கோச்சுக்கக் கூடாது டான்ட். அவங்களுக்குப் பிடிக்கலன்னா நான் என்ன பண்றது?"

கோபித்துக்கொள்ளவில்லை என்றேன். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் கோபமாக இருந்தது. இல்லாத ஒரு பெண்ணைத் தூக்கிவிடுவார்கள் என்பதற்காக எனக்கு ஏன் எரிகிறது?

ஜனவரி 21

முதல் பிரதியை டாலா சத்தமாகப் படித்தாள்.

"‘யாகூப் அறைக்குள் வந்தான். கதவு சாத்தப்பட்டது. காலை. பால்கனிக் கம்பியில் இரண்டு புறாக்கள்.’ — அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

"டான்ட், கதவுக்கு இந்தப் பக்கம் நீங்க நிக்கறீங்க. புறாவப் பாக்கறதுக்கா இத வாங்குவாங்க?"

"புறா எனக்குச் சுலபம்" என்றான் ஹ்ராக்.

சிரித்துத் தொலைத்தார்கள். நானும் சிரித்தேன். கை தானாக வெட்டிவிட்டது, எனக்கே தெரியவில்லை.

ஜனவரி 28

இரண்டாவது பிரதியில் கதவைத் திறந்தேன். எதையும் விடவில்லை. டாலா இரண்டு பக்கம் படித்துவிட்டு, "செய்தி வாசிக்கற மாதிரி இருக்கு. ‘இரு தரப்பினரும் நெருங்கினர்’" என்றாள்.

அவள் சொல்வது சரி. உடம்புக்கு நம்மிடம் எத்தனை மொழி இருக்கிறது? மருத்துவருடையது, தெருவுடையது, ஆயிரம் வருடத்துக்கு முந்தைய கவிஞர்களுடையது. மூன்றிலும் நுஹாத் பேசமாட்டாள். அவள் சமையலறைப் பேச்சு பேசுகிறவள். அந்தப் பேச்சில் இதற்குச் சொல் இல்லை. அல்லது, இருந்தும் நான் கேட்டதில்லையோ?

பிப்ரவரி 1

ஒரு வரியும் வரவில்லை. மணிக்கட்டு வலிக்கிறது.

பிப்ரவரி 5

பிறர் செய்ததைப் பார்ப்போம் என்று டாலா கொடுத்த விளையாட்டுகளைப் பகலில், திரையைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு ஆடுகிறேன். வெட்கம் அரை மணி நேரத்தில் போய்விட்டது. அதன் பிறகு அலுப்பு. அதன் பிறகு, ஒப்புக்கொள்கிறேன், ஆர்வம். இவற்றில் வருகிறவர்களுக்கு முழங்கை என்ற ஒன்றே இல்லை. யாருக்கும் மூச்சு வாங்குவதில்லை, யாருக்கும் கால் மரத்துப்போவதில்லை. எல்லாரும் முதல் பார்வையிலேயே தயாராக இருக்கிறார்கள். தயாராக இருப்பவர்களிடம் பார்க்க என்ன இருக்கிறது?

ஒன்று மட்டும் வேறு மாதிரி. எங்கோ யாரோ தனியாக உட்கார்ந்து செய்தது, படங்கள்கூடச் சுமார்தான். இருவர் காருக்குள் தொலைந்த காதணியைத் தேடுகிறார்கள். இருக்கைக்கு அடியில், அவன் கோட்டுப் பையில், அவள் தலைமுடியில். ஒரு பொத்தானும் கழலவில்லை. நான் தட்டாமல் அந்த வரியிலேயே உட்கார்ந்திருந்தேன். கன்னம் சுட்டது — என் கன்னம்.

எதனால்? அவர்கள் தேடியது வேறு ஒன்றை என்பதாலா?

பிப்ரவரி 9

தெருவில் பொறுக்கிக்கொண்டு திரிகிறேன், பைத்தியக்காரி மாதிரி. நாவிதர் முடிவெட்டி முடித்ததும் பிடரியில் ஊதியதும், ஊதப்பட்டவர் கண்ணை மூடிக்கொண்டதும். பகிர் டாக்ஸியில் என் பக்கத்துப் பெண், தூங்குகிற கணவனின் தலை கண்ணாடியில் இடிக்காமல் நடுவில் தன் உள்ளங்கையை வைத்துக்கொண்டே வந்தது. மீன்கடையில் ஒருத்தி மீதிச் சில்லறையை வாங்கும்போது கை ஈரமென்று பையை விரித்துக் காட்டியது — இது எதற்கு எழுதினேன்? தெரியவில்லை. எழுதியிருக்கட்டும்.

பிப்ரவரி 12

காலையில் காப்பி குடிக்கும்போது வதீஹிடம் சாதாரணமாகக் கேட்பது போல், "ஒரு பொண்ணோட கழுத்தப் பத்தி ஒரு ஆம்பள என்ன நினைப்பான்?" என்றேன்.

"வலிக்குதா?"

"எனக்கில்ல. பொதுவா."

"பொதுவான்னா குனிஞ்சே உக்காந்திருக்கறதுதான் காரணம்."

அதோடு போய்விட்டார். சாயங்காலம் மேசைமேல் தைலக் குழாய் இருந்தது. மூடியைத் திருகித் தளர்த்தி வைத்திருந்தார், என் மணிக்கட்டுக்காக. அவர் பக்கத்து அறையில் வானொலி கேட்டுக்கொண்டிருந்தார்.

அது இருமலுக்காகப் போன அறை. ஒரு மழைக்காலம் முழுக்க இருமினார், என் தூக்கம் கெடுகிறது என்று அங்கே போனார். இருமல் நின்றது. அவர் திரும்பி வரவில்லை, நானும் கேட்கவில்லை. சண்டை ஒன்றும் இல்லை. இருந்திருந்தால் சமாதானமாவது ஆகியிருக்கும்.

பிப்ரவரி 19

மூன்றாவது பிரதியைக் கொடுத்துவிட்டேன். முடிந்ததெல்லாம் செய்தாயிற்று. படுக்கையறைக் காட்சியில் ஒவ்வொரு சொல்லையும் பத்துத் தரம் மாற்றியிருக்கிறேன். நடுவில் சமையலறையில் அவர்களை ஐந்து நிமிடம் நிறுத்திவைக்க வேண்டியிருந்ததால் அதை மட்டும் அவசரமாக நிரப்பினேன்.

டாலா இதைச் சோதனைக்காரர்களிடம் ஆடிப் பார்க்கக் கொடுத்திருக்கிறாள். யார் எந்த வரியில் எவ்வளவு நேரம் நின்றார்கள் என்று அவளுக்குத் தெரியும். அவர்கள் சம்மதித்துத்தான் ஆடுகிறார்கள். திரைப்படத்தில் வரி எவ்வளவு நேரம் நிற்கும் என்பதை நாங்கள் முடிவு செய்வோம். இங்கே அது அவர்களுடைய விரல்.

பிப்ரவரி 27

"உக்காருங்க டான்ட்."

டாலா அப்படிச் சொன்னதும் நுஹாத் போய்விட்டாள் என்றே நினைத்தேன்.

படுக்கையறைக் காட்சியைப் பாதிப் பேர் தாண்டிவிட்டார்கள். நான் பத்துத் தரம் மாற்றிய சொற்கள். முகத்தைச் சாதாரணமாக வைத்துக்கொண்டேன்.

"ஆனா இத பாருங்க." திரையை என் பக்கம் திருப்பினாள். சமையலறை. நான் நிரப்பிய இடம். நுஹாத் மாவு பிசைகிறாள், இரண்டு கையும் மாவு. சட்டைக்கை நழுவி இறங்குகிறது. யாகூபைப் பார்த்து, "சட்டைக்கைய மடிச்சு விடேன்" என்கிறாள். அவன் கையைத் துடைத்துக்கொண்டு வந்து மடித்துவிடுகிறான். ஒரு மடிப்பு. இன்னொன்று. மூன்றாவதில் அவன் விரல் முழங்கையின் உள்பக்கம் வந்து நிற்கிறது.

"இங்க யாரும் தட்டல. எல்லாரும் நின்னுட்டாங்க. பின்னாடி போய் மறுபடியும் படிச்சிருக்காங்க. ஒருத்தர் எழுதியிருக்கார்: ‘இன்னொரு கையும் இருக்கே.’"

ஹ்ராக் மெல்லச் சொன்னான்: "அந்த முழங்கைய வரையும்போது எனக்கும் கை நின்னுச்சு மதாம்."

"எங்கேர்ந்து பிடிச்சீங்க?" என்றாள் டாலா.

"எங்கேயும் பிடிக்கல. அவசரத்துல எழுதினது."

அத்தியாயம் இருக்கும். ஆனால் படுக்கையறையை நீக்கிவிட்டு, சட்டைக்கையிலிருந்து மறுபடி எழுத வேண்டுமாம். அடுத்து என்ன நடக்கும் என்று எழுத வேண்டுமாம்.

மார்ச் 2

எங்கேர்ந்து பிடிச்சீங்க?

மூன்று நாளாக அதே கேள்வி. இன்று பாத்திரம் கழுவும்போது சட்டைக்கை நழுவியது, முகவாயால் தள்ளினேன். எப்போதும் அப்படித்தான் தள்ளுகிறேன். அப்படியே நின்றுவிட்டேன், குழாயை மூடாமல்.

கல்யாணமான முதல் வருடம். இதே சமையலறை. அப்போது வதீஹ் பொடி மருந்தைக் காகிதத்தில் மடித்துக் கொடுக்கிற பழைய கடையில் வேலை பார்த்தார். என் சட்டைக்கைக்கும் பொட்டலம் மடிக்கிற அதே மடிப்பு: ஓரத்தை நகத்தால் அழுத்தி, அடுத்தது அதன்மேல் சரியாக உட்காரும்படி. நான் பேசிக்கொண்டே இருந்தேன், எதைப் பற்றி என்று நினைவில்லை. மூன்றாவது மடிப்பில் பேச்சு நின்றுபோனது நினைவிருக்கிறது.

நாவிதர், டாக்ஸி, மீன்கடை — ஊரெல்லாம் சுற்றினேனே.

எப்போது முகவாயால் தள்ள ஆரம்பித்தேன்? யாரும் சொல்லவில்லை. நானாகத்தான். ஏன்டி கூப்பிடல? பக்கத்து அறைதானே. ரேடியோதானே கேட்டுட்டிருக்கார்.

மார்ச் 6

சொல்லிவிட்டேன். வதீஹ் ரொட்டி பிய்த்துக்கொண்டிருந்தார்.

"அது சமையல் விளையாட்டு இல்ல. பெரியவங்களுக்கானது. உடம்பு சம்பந்தப்பட்டது."

மென்று விழுங்கினார். நான் எதிர்பார்த்த எதுவும் அவர் முகத்தில் வரவில்லை.

"அதான் அன்னிக்கு கழுத்தப் பத்திக் கேட்டியா?"

"ம்."

"நான் தைலம் கொடுத்தேனே." கொஞ்ச நேரம் கழித்துத் தோள் குலுங்கியது. சிரிக்கிறார். எனக்கும் தாங்கவில்லை. மேசையில் தண்ணீர் கொட்டியது.

துடைக்கும்போது கேட்டார்: "ஆளுங்க எப்படி, சின்ன வயசா?"

"அவளுக்கு ஐம்பத்தொன்னு."

"அப்ப சரி" என்றார். எது சரி? கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

மார்ச் 9

டாலாவின் செய்தி: ‘அடுத்த காட்சி எங்க டான்ட்? மூணாவது மடிப்புலயே எல்லாரும் நிக்கறாங்க.’

அன்று அதற்குப் பிறகு என்ன நடந்தது என்று எழுதினால் போதும். எனக்கு அது மறந்துவிட்டது. இட்டுக்கட்ட வேண்டியதுதான், ஆனால் இட்டுக்கட்டியதைத்தானே தாண்டிப் போனார்கள்.

மார்ச் 13, ஞாயிறு

தவக்காலம், அதனால் இறைச்சி இல்லாமல் கோதுமை ரவையோடு பிசையும் பூசணிக்காய் கிப்பே. மதியம் பிசைந்துகொண்டிருந்தேன், மணிக்கட்டு வரை ஆரஞ்சு நிறம். கம்பளிச் சட்டையின் கை நழுவி இறங்கியது. முகவாய் தானாகக் குனிந்தது. நிறுத்தினேன்.

"வதீஹ்."

வானொலி ஓடிக்கொண்டிருந்தது. கேட்கவில்லை போலும் என்று நினைத்தேன். விட்டுவிடலாமா?

"வதீஹ், சட்டைக்கைய மடிச்சு விடுங்களேன்."

வானொலி நின்றது. வந்தார். முதலில் கை கழுவினார், மருந்துக்கடைக்காரர் அல்லவா. துடைத்துக்கொண்டார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். முதல் மடிப்பு. ஓரத்தை நகத்தால் அழுத்தினார். இரண்டாவது.

"இது உன் வேலைக்கா?" என்றார், தலை நிமிராமல்.

"இல்ல."

மூன்றாவதில் அவர் அவசரப்படவில்லை.

"மாவு காஞ்சிடும்" என்றேன்.

"காயட்டும். இன்னொரு கையக் குடு."

கதவு சாத்தப்பட்டது.

மார்ச் 14, திங்கள்

காலை. பால்கனிக் கம்பியில் இரண்டு புறாக்கள்.