சக்களத்தி பிடிபட்ட சேதி

சண்டை போட ஆளில்லாமல் என்னை விட்டுப்போன அத்தானுக்கு,

உங்கள் கப்பல் பிடிபட்டுவிட்டது. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். நல்ல சேதி சொல்கிறவளின் முகத்தோடு எழுதவில்லை, அதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நேற்று கம்பெனியில் மத்தியானச் சாப்பாட்டு நேரம். மரியதாஸ் தம்பி போன் செய்தது. கடலோரக் காவலில் உங்களோடு இருந்து, பிறகு திருட்டு மீன்பிடிக் கப்பல்களைத் தேடுகிற அந்தத் தீவு நாட்டு ஆபீசுக்கும் உங்கள் பின்னாலேயே வந்த தூத்துக்குடி மரியதாஸ்தான். சுகம்கூட விசாரிக்கவில்லை.

"மதினி, ஆளு மாட்டிக்கிட்டா. துறைமுகத்துல கட்டிப் போட்டாச்சு. சாயங்காலம் வெவரமாப் பேசுதேன்."

எந்த ஆள் என்று நான் கேட்கவில்லை. பெயர் சொல்லாமலே நம் வீட்டில் பேசப்பட்ட ஆள் அவள் ஒருத்திதானே. மிச்சச் சோற்றை மூடி வைத்தேன். சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். எனக்கு வயிறுதான் எரிந்தது. நீங்கள் ஒரு நாள்கூடத் தொட்டுப் பார்க்காதவளை மரியதாஸ் தொட்டுவிட்டானே என்றும் எரிந்தது, செத்த பிறகும் உங்களைப் பற்றி வருகிற போன் அவளைப் பற்றியே வருகிறதே என்றும் எரிந்தது.

இந்தக் கடிதம் நாளைக்கு யார் கையிலாவது கிடைக்கும், மற்றவர்களும் படிப்பார்கள். அதனால் உங்களுக்குத் தெரிந்த கதையையும் கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு பணக்கார நாட்டில் மீன்பிடிக் கப்பல்கள் பெருத்து, மீன் சிறுத்துப் போனது. கொஞ்சம் கப்பல்களை உடைத்துவிடலாம், உடைக்கிறவர்களுக்கு அரசாங்கமே பணம் கொடுக்கும் என்று முடிவானது. இவளும் உடைபட வேண்டியவள். உடைத்தாயிற்று என்று எழுதிக் கொடுத்துவிட்டு, இவளை வேறொரு கடலுக்கு விற்றுவிட்டார் முதலாளி. அதற்குப் பிறகு இவளுக்கு நிலையான பெயரும் இல்லை, கொடியும் இல்லை. கடலே இல்லாத நாட்டின் கொடியைக்கூட ஏற்றிக்கொண்டு திரிந்தாள். இருக்குமிடம் காட்டுகிற கருவியை அணைத்துவிட்டு அடுத்தவர் கடலில் புகுந்து அள்ளுவாள். அள்ளியதை நடுக்கடலில் இன்னொரு கப்பலுக்கு மாற்றிவிட்டு ஒன்றும் அறியாதவளாக வருவாள்.

இப்படிப்பட்ட கப்பல்களுக்குப் பல நாடுகள் சேர்ந்து ஒரு கறுப்புப் பட்டியல் வைத்திருக்கின்றன. பட்டியலில் இருக்கிறவளுக்கு எந்தத் துறைமுகமும் டீசல் தரக் கூடாது, மீனை இறக்க விடக் கூடாது. ஆனால் பெயரையும் பெயின்ட்டையும் மாற்றிக்கொண்டு வருகிறவளை இவள்தான் அவள் என்று எப்படிச் சொல்வது? அதைச் சொல்வதுதான் உங்கள் வேலை. அதற்காகத்தான் லீவில் வந்தாலும் சோற்றைப் பிசைந்துகொண்டே அவள் படத்தைப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள். கையில் சோறு காய்ந்துபோகும்.

ஆடிப்பூரத் தேரன்று நடந்தது நினைவிருக்கிறதா? வடம் பிடித்து நின்றீர்கள். கீழ ரத வீதி திரும்பவில்லை, அதற்குள் உங்கள் போன் அடித்தது. வடத்தை விட்டுவிட்டுக் கூட்டத்தை விலக்கிக்கொண்டு என்னிடம் வந்தீர்கள்.

"ஏட்டி செண்பகம், அவளைப் பார்த்திருக்காவளாம். நான் போயிட்டு வாரேன்."

"தேர் நிலைக்கு வரட்டும். செத்த நேரம் இருங்க அத்தான்."

"அம்புட்டு நேரம் அவ நிப்பாளா?"

தேர் நிலைக்கு வந்தபோது நீங்கள் மதுரை பஸ்ஸில் இருந்தீர்கள். கப்பலை 'அவ' என்று சொல்வது கடலில் வேலை பார்ப்பவர்களின் வழக்கம் என்பீர்கள். இருக்கட்டும். செங்கோட்டை ரயிலை அப்படி யாரும் கொஞ்சி நான் கேட்டதில்லை.

கம்பெனியில் என் பக்கத்து மேஜை பத்மா இதைக் கேட்டுச் சிரிப்பாள். "ஊர்ல மனுஷியப் பார்த்துப் பொறாமப்படுவாக. நீ இரும்பப் பார்த்துப் பொறாமப்படுதியே." மனுஷியாக இருந்தால் வீடு தேடிப் போய் நாலு வார்த்தை கேட்டிருப்பேன். இவளை எந்தக் கடலில் போய்த் தேட?

உங்கள் காரியத்தன்று ஆபீஸ்காரர்கள் பந்தலில் உட்கார்ந்து பேசியதும் அவளைப் பற்றித்தான். சார் இன்னும் கொஞ்ச நாள் இருந்திருந்தால் பிடித்திருப்பார் என்றார்கள். என்னோடு இன்னும் கொஞ்ச நாள் இருந்திருப்பார் என்று ஒருவர் வாயிலும் வரவில்லை. அவர்களைச் சொல்லி என்ன? நெஞ்சு வலிக்கிறது என்று நீங்கள் சாய்ந்த அன்று, ஆட்டோ வருவதற்குள் என்னிடம் கடைசியாகக் கேட்டதே "போன் வந்துச்சா?" என்றுதான். தண்ணீர் கொடு என்று கேட்டிருக்கலாம். என் பெயரைச் சொல்லியிருக்கலாம். வருஷத் திதி வரப்போகிறது, அந்தக் கேள்விக்காக உங்களை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

உங்கள் மனசில் நான் எந்த மூலையில் இருந்தேன்? இதைக் கேட்க எனக்கு ஆசை. கேட்க ஆளில்லை.

அவளை நான் நன்றாகப் பார்த்திருக்கிறேன். சக்களத்தியை எந்தப் பொம்பளை அரைகுறையாகப் பார்ப்பாள்? ஒரு லீவில் நீங்கள் படத்தைப் பெரிதாக்கி வைத்திருந்தபோது, பக்கத்தில் வந்து குனிந்தேன். எனக்கு ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி பார்க்கிற வேலை. கீழே டியூப் லைட் எரிகிற கண்ணாடி மேஜையில் துணி ஓடிக்கொண்டே இருக்கும், இழை விட்ட இடத்தையும் இணைத்த இடத்தையும் கண் தானாகத் தேடும். அதே கண்தான் அவள் முன்பக்கத்தில் போய் நின்றது.

"இங்கன ஒட்டுப் போட்டிருக்கே. கோணலா வேற போட்டிருக்கான்" என்றேன்.

நீங்கள் ரொம்ப நேரம் பார்த்தீர்கள். ஒரு வார்த்தை பாராட்டுவீர்கள் என்று நானும் நின்றேன். "சோத்தை எடுத்து வையி" என்றீர்கள். அவளிடம் ஒரு குறை இருக்கிறது என்று சொன்னதுகூட உங்களுக்குப் பொறுக்கவில்லை என்று நினைத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனேன். அன்று குழம்பில் உப்புக் கூடியது தற்செயல் இல்லை.

நேற்றுச் சாயங்காலம் ஸ்ரீவில்லிபுத்தூர் வந்து இறங்கி, வீட்டைத் திறந்து, விளக்கேற்றப் போனேன். மரியதாஸ் தம்பி மறுபடியும் கூப்பிட்டது.

"டீசலுக்கு வந்திருக்கா மதினி. பேரு புதுசு, பெயின்ட்டு புதுசு, கொடி புதுசு. நம்பரைத் தேய்ச்சிட்டு வேற நம்பர் அடிச்சிருக்கானுவ. பேப்பர் எல்லாம் சுத்தம். விட்டுருவோம்னு அந்த ஊர் ஆபீசர் சொன்னாரு. நான் நேரா முன்பக்கம் போயி செண்பகம் இருக்கான்னு பார்த்தேன். இருந்திச்சி."

"யாரு இருந்தது?"

"செண்பகம் மதினி. அந்தக் கோண ஒட்டு. எங்க ஆபீசுல அதுக்கு அதான் பேரு. அண்ணன் உங்ககிட்ட சொல்லலையா?"

தீப்பெட்டியைக் கீழே வைத்துவிட்டுப் போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

"ஒவ்வொரு கூட்டத்துலயும் அண்ணன் படத்தைப் போட்டுக் காட்டுவாவ. 'நாங்க அம்புட்டுப் பேரும் பார்த்தோம், எங்க கண்ணுல படல, எங்க வீட்டுக்காரி கண்ணுலதான் பட்டிச்சி'ம்பாவ. இப்ப எல்லா நாட்டுக்காரனும் செண்பகம்னுதான் சொல்லுதான். ஒருத்தனுக்கும் வாயில நுழையாது. ஒருத்தன் சம்பகாம்பான், ஒருத்தன் சென்பாம்பான். அந்த ஒட்டை வச்சித்தான் பெயின்ட்டைச் சுரண்டச் சொன்னேன். பழைய பேரோட எழுத்துத் தடம் வந்திச்சி."

போனை வைத்த பிறகு விளக்கை ஏற்றிவிட்டு, உங்கள் படத்துக்கு முன்னால் உட்கார்ந்தேன். அழுதேன், அதை மறைக்க என்ன இருக்கிறது. அழுது முடித்ததும் கோபம்தான் வந்தது.

உலகத்துக்கெல்லாம் சொல்லியிருக்கிறீர்கள், என்னிடம் ஒரு வார்த்தை இல்லை. நீங்கள் என்னைப் பெருமையாகப் பேசுவதை யார் யாரோ உட்கார்ந்து கேட்டிருக்கிறார்கள். இப்போது அவர்கள் எல்லார் மேலும் எனக்குப் பொறாமை. அந்தப் பேச்சு உங்கள் குரலில் எப்படி இருந்திருக்கும்? சிரித்துக்கொண்டே சொன்னீர்களா? பிறகு இன்னொன்று. என் பெயரை வைக்க உங்களுக்கு வேறு இடமே கிடைக்கவில்லையா? கொண்டுபோய் அவள் உடம்பிலா வைப்பீர்கள்?

இன்று காலையில் நானே மரியதாசுக்குப் போன் போட்டேன். அடுத்து அவளை என்ன செய்வார்கள் என்று கேட்டேன். கேஸ் முடிந்ததும் உடைத்துவிடுவார்களாம்.

"முன்னாலயும் உடைச்சாச்சுன்னுதானய்யா எழுதிக் கொடுத்தாக?"

"இந்தத் தடவை நான் கூடவே நிப்பேன் மதினி."

"நீ நின்னா மட்டும் போதாது. அந்த ஒட்டுப் போட்ட தகட்டை வெட்டி எனக்கு அனுப்பு. என் பேரு போட்ட சாமான் என் வீட்டுக்கு வரணும். அதைக் கண்ணால பார்த்தாத்தான் அவ செத்தான்னு நம்புவேன்."

எங்கெங்கே எழுதிக் கேட்க வேண்டுமோ கேட்டு வாங்கி அனுப்புவதாகத் தம்பி ஒத்துக்கொண்டது.

அதனால் அத்தான், கேட்டுக்கொள்ளுங்கள். உங்கள் போன் வந்துவிட்டது. தகடும் வரும். அதை உங்கள் படத்துப் பக்கத்தில் வைப்பேன் என்று ஆசைப்பட வேண்டாம். கொல்லையில் துவைக்கிற கல்லுக்குக் கீழே போட்டு, தினமும் அதன் மேலே நின்றுதான் துணி துவைப்பேன். இது சத்தியம். இனி அவளும் இந்த வீட்டை விட்டு எங்கேயும் போக மாட்டாள், நானும் போக மாட்டேன். எங்களில் யாரைப் பார்க்க வந்தாலும் நீங்கள் இங்கேதான் வர வேண்டும்.

உங்கள் மாமன் மகள்,
செண்பகம்